அரைச் சாண் உயரம்

உட்காருங்க தம்பி. அந்த டயர் மேல வேணாம், பேண்ட்ல கரி அப்பிக்கும். இப்படி பெஞ்சுக்கு வாங்க. உங்க குட்டியானை வண்டிதானா அது? பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை உட்காந்துபோச்சு போல. லோடு கூடுதலா ஏத்துறீங்க. எல்லாரும் ஏத்துறதுதான், நான் குறை சொல்லல.

என் வண்டி அந்தா, பச்சைத் தார்ப்பாய் போட்ட பிக்கப். நீங்க வந்ததுல இருந்து என்னையப் பாத்துக்கிட்டே இருக்கீங்க, இந்த ஆளு ஏன் உட்காரவும் மாட்டேங்குறான், நிக்கவும் மாட்டேங்குறான்னு. எனக்கே என்னைய நினைச்சா அப்படித்தான் இருக்கு. அந்தக் கண்ணாடி போட்டவர்தான் பட்டறைக்காரரு, சூசைமாணிக்கம் அண்ணன். இந்த ஒரு வேலைக்காக அவருகிட்ட இதோட மூணாவது தடவை வந்திருக்கேன். போன தடவை ஜாக்கி போட்டு வண்டிய ஏத்திட்டாரு. அதுக்கப்புறம் நான் வேணாம், இறக்குங்கன்னுட்டேன். மனுசன் டீ வாங்கிக் குடுத்து அனுப்புனாரு. இன்னைக்கு சாமானையெல்லாம் சாக்குல பரப்பி வச்சுட்டு உங்க வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டாரு. நான் சொன்னாத்தான் தொடுவாராம்.

அதான் தம்பி லிஃப்ட் கிட்டு. பாக்கப் பெருசா ஒன்னும் இல்ல. இரும்புக் கட்டை, நீளமான போல்ட்டு, முன்பக்கத்துக்குக் கொஞ்சம் சாமான். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல கட்டையக் குடுத்து இறுக்கினா வண்டி அரைச் சாண் ஒசந்துரும். அவ்வளவுதான் விசயம். இந்த அரைச் சாணுக்குத்தான் ஐப்பசி மழையில இருந்து நான் நிம்மதி கெட்டுத் திரியிறேன்.

எங்க ஊரு மலை மேல, கூழைப்பாறை. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. தார் ரோடு முடிஞ்சு மண் பாதையில போகணும். நடுவுல ஒரு ஓடை. எந்த மழைக்கும் தாண்டிப் போயிருவேன். இந்த ஐப்பசியில என்ன ஆச்சுன்னா, தண்ணி மண்ணையெல்லாம் அரிச்சுட்டுப் போயி, உள்ள கெடந்த பாறை முதுகைத் தூக்கிருச்சு. சரியா பாதைக்கு நடுவுல. சக்கரம் ரெண்டு பக்கமும் போயிரும், வண்டி வயிறு போகாது. அடியில நடுவுல கியர் பாக்ஸ் தொங்குது பாருங்க, அது போய் டங்குன்னு இடிக்கும். அந்தச் சத்தம் என் பல்லுல கேக்கும்.

அதுக்கு எங்க ஊருல ஒரு முறை வச்சுக்கிட்டோம். ஓடைக்கு முன்னாடியே வண்டி நின்னுரும். எல்லாரும் இறங்கிரணும். ஆம்பளைங்க பாறைக்கு ரெண்டு பக்கமும் சக்கரம் ஏறுற மாதிரி கல்லை அடுக்குவாங்க. பொம்பளைங்க நடந்தே அக்கரைக்குப் போயிருவாங்க. நான் வண்டிய முக்கி முனகித் தாண்டிக் கொண்டு போனதும் திரும்ப ஏறிக்குவாங்க. ராத்திரி மழைக்கு ஓடை அந்தக் கல்லை இழுத்துட்டுப் போயிரும். மறுநாள் மறுபடி அடுக்கணும். இதுல டிரைவர் பொண்டாட்டி, டிரைவர் மாமியான்னெல்லாம் கிடையாது. எல்லாரும் இறங்கணும். என் வீட்டுக்காரி பஞ்சவர்ணமும் இறங்குவா. அவ மட்டும் சீட்டுல உட்காந்திருந்தா ஊரு பேசுமா பேசாதா?

இது இப்படிப் போய்க்கிட்டிருக்கையில என் மச்சினன் ஒருத்தன் இருக்கான், போத்திராஜா. பஞ்சவர்ணத்துக்கு நேர் இளையவன். அவனுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்ததே நான்தான். கிளச்சை எப்ப விடணும்னு அவன் காலைப் பிடிச்சு அமுக்கிக் காட்டியிருக்கேன். அவன் யாருகிட்டயும் ஒன்னும் சொல்லாம திண்டுக்கல் பக்கம் போயி, அவன் வண்டிக்கு இந்தக் கிட்டைப் போட்டுட்டு வந்து நிக்கிறான். ஓடையில யாரும் இறங்க வேணாம், கல் அடுக்க வேணாம். பாறைக்கு மேல அவன் பாட்டுக்குப் போறான். அவன் போறது கூடப் பரவாயில்ல தம்பி. ஒரு நாள் நான் கல் அடுக்கிக்கிட்டு இருக்கேன், வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு, முழங்கால் வரைக்கும் தண்ணி. பின்னாடி வந்து நிப்பாட்டி, தலைய நீட்டி, "மாமா, கயிறு கட்டி இழுத்து விடவா?"ன்னு கேக்குறான். அவன் வண்டியில ஊரே இருக்கு. எல்லாரு காதுலயும் விழுது. நான் ஒன்னும் வேணாம்டா, நீ போடான்னேன். ஒதுங்கி வழி விட்டேன். எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.

அதுல இருந்து லோடு அவன் பக்கம் சாயுது. மலைவாழைக்காரன், சவ்சவ்காரன், எல்லாம். அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. ஓடையில இறங்கி ஏறுறதுக்கு யாருக்கு ஆசை?

சரி, நீயும் போட்டுக்க வேண்டியதுதானே, இதுல யோசிக்க என்னன்னு கேப்பீங்க. யோசனை இருக்கு தம்பி. ஒசரமான வண்டி வளைவுல ஆடும். எங்க மலையில கொண்டை ஊசி வளைவு ஒன்னு ரெண்டு இல்ல. மேல வரைக்கும் மூட்டை அடுக்கிட்டு இறங்கையில லேசா சாஞ்சாலும் பள்ளத்துலதான். செக்போஸ்ட்ல ஒரு டிரைவர் சொல்றாரு, ஆர்டிஓ-கிட்ட எஃப்சி-க்குப் போறப்ப இதையெல்லாம் விசாரிப்பாங்க, கழட்டிட்டுப் போகணும்னு. இன்னொருத்தர் சொல்றாரு, அதெல்லாம் ஒன்னுமில்ல, தைரியமா போடுன்னு. ஆளுக்கு ஒன்னு. நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிப் படுத்தா, ஒரு பக்கம் போடுங்குது, ஒரு பக்கம் வேணாங்குது. பொரண்டு பொரண்டு படுத்து பாயே நைஞ்சு போச்சு.

டீ சாப்பிடுறீங்களா? வேணாமா? நானும் இப்பத்தான் குடிச்சேன். சும்மா கேட்டேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது.

நிஜத்தைச் சொல்லட்டுமா? லோடு இல்ல விசயம். லோடு போனா வேற லோடு வரும். பஞ்சவர்ணம் இப்ப என்கூட சந்தைக்கு வர்றதில்ல.

ஞாயித்துக்கிழமை சந்தைன்னா ரெண்டு பேரும் வருவோம். கல்யாணம் ஆன புதுசுல பஸ்ல, அப்புறம் அடுத்தவன் ஜீப்புல, அப்புறம் நம்ம சொந்த வண்டியில. வீட்டுல அவ பேச மாட்டா தம்பி. உப்பு இருக்கா, இருக்கு, அவ்வளவுதான். வண்டியில ஏறி உட்காந்தா அது ஒரு வேற ஆளு. யாரு வீட்டுல என்ன சண்டை, யாரு பொண்ணு யாரைப் பாக்குது, மூத்த மகன் திருப்பூர்ல என்ன சாப்பிடுறானோ, எல்லாம் வரும். வழியில இட்லிக்கடையில நிப்பாட்டுவேன். அவ ரெண்டு இட்லி தின்னுட்டு மூணாவதை என் இலையில தள்ளுவா. எனக்கு வாரத்துல அந்த ஒரு நாள்தான் நாளு. மத்த நாள் எல்லாம் ஓட்டம். இப்ப பக்கத்து சீட்டுல ஆள் இல்லாம ஓட்டுறேன். ரேடியோவப் போட்டாலும் பிடிக்கல, நிப்பாட்டினாலும் பிடிக்கல.

ஏன் வரலன்னு கேட்டா வேலை இருக்குங்குறா. என்ன வேலை? களத்துல காபிக்கொட்டை காயுதாம். காக்கா கொண்டு போயிருமாம். காபிக்கொட்டைய எந்தக் காக்கா தம்பி கொத்துது?

அவ கொஞ்சம் ராங்கிக்காரிதான். அதையும் சொல்லிர்றேன். வீட்டுல வண்டிய வாசல்ல நிப்பாட்டினா ஏற மாட்டா. காபி காயப்போடுற களம் இடுப்பு ஒசரத்துக்கு மேடா கட்டியிருக்கும். அந்தக் களத்தை ஒட்டிக் கொண்டாந்து நிப்பாட்டணும். களத்து மேல இருந்து அப்படியே நேரா சீட்டுல காலை வச்சு உட்காருவா. கால்ல மண்ணு படக்கூடாதாம். சந்தையில அதுக்கு மேல. நான் எங்க நிப்பாட்டியிருந்தாலும் சரி, மூட்டை ஏத்துற மண்டி மேடைக்குப் பக்கத்துல கொண்டு வரணும். அந்தக் கூட்டத்துல வண்டியப் பின்னாடி எடுத்துக் கொண்டு போறது எம்புட்டுப் பாடு தெரியுமா? எல்லாரும் திட்டுவாங்க. இவ மேடையில பையோட நின்னுக்கிட்டு இருப்பா, ஜமீன்தாரிணி கணக்கா. நானும் முனகிக்கிட்டே கொண்டு போவேன். என்ன பண்றது, கட்டிக்கிட்டோம்.

நம்ம ஊரு பொம்பளைங்கள்ல ஏற மாட்டாம தவிக்கிற கூட்டம் வேற. அதைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. ராக்கம்மான்னு ஒரு அம்மா, சடையாண்டி சம்சாரம். நல்ல உடம்பு. போன வருசம் ஒரு நாள் பின்பக்கம் ஏறப்போயி, ஒரு கால் மேல, ஒரு கால் கீழ, அப்படியே நின்னுபோச்சு. ஏறவும் முடியல, இறங்கவும் முடியல. கீழ இருந்து ரெண்டு பேரு தள்ள, மேல இருந்து ரெண்டு பேரு இழுக்க, நான் முன்னாடி இருந்துக்கிட்டு "சவ்சவ் மூட்டை ஏறிருச்சா? ரைட் போலாமா?"ன்னு கத்துனேன். அன்னைக்கு மலை இறங்குற வரைக்கும் சிரிப்பு. மண்டியில சொன்னேன், டீக்கடையில சொன்னேன், அதுக்கப்புறம் அந்தம்மா வந்தாலே "மூட்டை வருது, இடம் விடுங்க"ன்னுதான் சொல்லுவேன். பாவம், அது இப்ப வண்டிக்கே வர்றதில்ல. பஞ்சவர்ணம் பக்கத்துலதான் இருந்தா. அவ சிரிக்கல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அவளுக்குச் சிரிப்பு வர வேண்டிய நேரத்துல வராது.

அவ அந்த ரகம் இல்ல தம்பி. கல்யாணம் ஆன புதுசுல ஏணி உச்சியில நின்னு மிளகு பறிப்பா. நான் கீழ நின்னு ஏணியப் பிடிச்சா, விடுங்க, எனக்கு எதுக்குன்னுவா.

எங்க விட்டேன்? ஆங், ஓடை. கார்த்திகையில ஒரு ஞாயித்துக்கிழமை சந்தை முடிஞ்சு திரும்புறோம். ஓடைக்கிட்ட எல்லாரும் இறங்குனாங்க, இவளும் இறங்குனா. நான் வண்டியத் தாண்டிக் கொண்டு போயி அக்கரையில நிப்பாட்டினேன். எல்லாரும் ஏறிட்டாங்க. இவ மட்டும் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. ஏறு, நேரமாகுதுல்லன்னேன். நீங்க போங்க, நான் நடந்து வர்றேன்னுட்டா. அங்க இருந்து ஊரு ஒரு மைல் தொலைவு, அம்புட்டும் ஏத்தம். எதுக்குடி நடக்குறேன்னேன். காத்தாட நடக்கணும் போல இருக்குன்னா. பின்னாடி அவ தம்பி வண்டி வேற வந்து ஆரன் அடிக்குது. நானும் கோவத்துல கிளப்பிட்டேன். அவ பொழுது போயி வந்து சேந்தா. சுடுதண்ணி வச்சுக் காலுக்கு ஊத்திக்கிட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமையில இருந்து வரல.

நான் என்ன நினைக்கிறேன்னா, எல்லாரும் பாக்க இறங்கி இறங்கி ஏறுறது அவளுக்குக் கௌரவக் குறைச்சலா இருக்கு. தன் தம்பி வண்டியில போறவங்க உட்காந்தபடியே போறாங்க, நம்ம ஆம்பள வண்டியில நாம தண்ணியில நடக்குறோமேன்னு. அது நியாயம்தானே? அதனாலதான் தம்பி இந்தக் கிட்டு. ஓடையில அவ இறங்கவே வேணாம். வீட்டுல ஏறினா சந்தையிலதான் இறக்கம். இதுக்காகத்தான் போடுறேன்னு அவகிட்டயே சொன்னேன். சந்தோசப்படுவான்னு பாத்தா, தட்டைக் கழுவிக்கிட்டே "இப்பவே ஒசரமாத்தானே இருக்கு"ங்குறா. இன்னும் கொஞ்சம்தான்டின்னேன். வேணாங்க, எதுக்குங்குறா. காரணம் கேட்டா சொல்ல மாட்டா. வேணாம், அவ்வளவுதான்.

எனக்கு அப்பத்தான் உறைச்சது. கூடப்பொறந்த தம்பி பாசம். நானும் வண்டிய ஒசத்திட்டா லோடெல்லாம் என்கிட்ட திரும்பிரும், அவ தம்பி பொழப்பு கெட்டுரும். இதுதான் அவ கணக்கு. வாயத் திறந்து சொல்ல முடியுமா? அதான் மென்னு முழுங்குறா. நான் அவளுக்காக இங்க அல்லாடிக்கிட்டு இருக்கேன், அவ அவனுக்காக யோசிக்கிறா. இதை நினைச்சுத்தான் ரெண்டு தடவையும் திரும்பிப் போனேன். அவளுக்குப் பிடிக்காததைச் செஞ்சு அவளை எப்படிப் பக்கத்துல உட்கார வைக்கிறது, சொல்லுங்க?

அந்தா. அந்தா பாருங்க. பைபாஸ்ல போகுது பாருங்க நீல வண்டி. அவன்தான். ஆரன் அடிக்கிறான் பாத்தீங்களா, என்னையப் பாத்துட்டான். பின்னாடி மூட்டை யாரோடதுன்னு நினைக்கிறீங்க? எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரரு மிளகு. வருசம் பூரா என் வண்டியிலதான் வரும் அது.

சூசை அண்ணே. அண்ணே, வெளிய வாங்க. போடுங்க. ஆமா, போடச் சொல்றேன். இல்ல, இந்தத் தடவை மாத்த மாட்டேன். நீங்க பாட்டுக்குப் போடுங்க.

மன்னிச்சுக்கங்க தம்பி, உங்க முறைய நான் பிடுங்கிட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கிறீங்களா? நல்லது.

அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிர்றேன். களத்து ஓரத்துல நின்னாத்தான் அவளுக்கு டவர் கிடைக்கும்... ஏய், நான்தான். போடச் சொல்லிட்டேன். ஆமா. வண்டி ஜாக்கில ஏறிருச்சு. இனி நீ ஓடையில இறங்கவே வேணாம். கேக்குதா? என்னது? எம்புட்டு ஒசரமா? அரைச் சாண்தான். ஆமா, அரைச் சாண். ஏய். இருக்கியா? ...சரி. ம். சரி, வை.

அவ என்ன சொன்னான்னு கேக்குறீங்களா? எம்புட்டு ஒசரம்னு கேட்டா. அரைச் சாண்னேன். அப்புறம் "சரி, இனி சந்தைக்கு நீங்களே போய்ட்டு வாங்க, எனக்கு வேணுங்குறதை எழுதிக் குடுத்துர்றேன்"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா. கோவமா கூட சொல்லல. பாத்தீங்களா? ஒன்னா பொழச்சு என்ன, கடைசியில அவளுக்கு அவ தம்பிதான். எனக்கு நெஞ்சு எரியுது தம்பி. நான் கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்.

வேலை முடிஞ்சுருச்சா? நிக்கிறதைப் பாருங்க, ஜம்முன்னு. எந்தப் பாறை வந்தாலும் போகும். இருங்க, ஏறிப் பாத்துட்டு வர்றேன். ஸ்டீயரிங்கப் பிடிச்சு ஒரு எம்பு, அவ்வளவுதான், ஏறியாச்சு. இதுக்குப் போயி எல்லாரும் பயம் காட்டுனாங்க. என்னண்ணே? நீங்க ஓட்டிப் பாக்கணுமா? சரி, ஓட்டுங்க. நான் இந்தப் பக்கம் வந்து உட்காருறேன். ஒரு சுத்து சுத்திட்டு வந்துர்றோம் தம்பி.

வந்துட்டேன். இல்ல, வண்டி நல்லாருக்கு. ஆடல, குலுங்கல. வண்டிக்கு ஒன்னும் இல்ல.

தம்பி, என் வண்டியில இடது பக்கம் நான் ஏறினதே இல்ல. வாங்குன நாள்ல இருந்து ஏறினதில்ல. எதுக்கு ஏறணும், நான்தானே ஓட்டுறேன். இப்ப கதவைத் திறந்து காலைத் தூக்கி வச்சேன். கை தானா ஸ்டீயரிங்கத் தேடிப் போகுது. அந்தப் பக்கம் ஏது ஸ்டீயரிங்? பிடிக்க ஒன்னும் இல்ல தம்பி. கதவைப் பிடிச்சா கதவு கூடவே வருது. சீட்டைப் பிடிச்சா வழுக்குது. முட்டியில சொடக்குன்னு ஒரு சத்தம். ஒரு கால் மேல, ஒரு கால் கீழ, நின்னுட்டேன். சூசை அண்ணன் உள்ள இருந்து கையக் குடுத்து இழுத்தாரு. அவரு சிரிக்கல. நல்ல மனுசன்.

சுத்தி வர்ற வரைக்கும் அவரு என்னமோ பேசிக்கிட்டே வந்தாரு. எனக்கு ஒன்னும் ஏறல. வீட்டுல களத்து மேல இருந்து ஏறுவா. சந்தையில மண்டி மேடையில இருந்து ஏறுவா. ஓடையில மேடு எதுவும் இல்ல தம்பி. ஓடையில வெறும் தரைதான். கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. எல்லாரும் பின்னாடி உட்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த ஏத்தத்துல, அந்த முட்டிய வச்சுக்கிட்டு, ஒரு மைல் தொலைவு நடந்து வந்திருக்கா.

சொல்லியிருக்கலாம்ல? வாயத் திறந்து முட்டி வலிக்குதுங்க, ஏற முடியலன்னு சொன்னா என்னவாம்? கட்டின புருசன்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன சிரிக்கவா போறேன்?

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

...சரி விடுங்க. ஒன்னும் சொல்லாதீங்க.

சூசை அண்ணே, அந்த வெல்டிங் மெசினை இன்னும் எடுத்து வைக்கலைல? வண்டிக்கு ஒரு படி வேணும். தரையில இருந்து சாணுக்கு மேல இருக்கக்கூடாது. கைக்குப் பிடிக்க ஒரு கம்பியும் வைங்க, வழுக்காம துணி சுத்திக்கலாம். இடது பக்கம். இல்லண்ணே, பாறையில இடிச்சா இடிக்கட்டும், மடக்குற மாதிரி ஏதாவது பண்ணுங்க. யாருக்கா? எனக்குத்தான், முட்டி வலி. ஓட்டுறவன் வலது பக்கம்ல ஏறுவான்னு கேக்குறீங்களா? அப்ப ரெண்டு பக்கமும் வைங்க. யாரு கேட்டாலும் இந்தாளுக்கு முட்டி போச்சு, ஏற முடியல, படி வச்சுக் குடுத்தேன்னு சொல்லுங்க. என் மச்சினன் வந்து கேட்டாலும் அப்படியே சொல்லுங்க.